80 ரூபாய் பார்க்கிங்... 12 ஆயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவு! தனியார் பார்க்கிங் கட்டணத்தை எதிர்த்து கோர்ட்டுக்கு முன்பே என்ன செய்யலாம்? முழு விவரம்

மாலுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் டீயை விட பார்க்கிங் பில் அதிகமாக வருகிறது. ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் போர்டில் ஒரு ரேட், கையில் கேட்பது ஒரு ரேட். "டோக்கன் தொலைஞ்சிடுச்சா? அப்போ ஃபைன் கட்டுங்க" என்று வண்டியை நிறுத்தி வைக்கிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். பத்து, இருபது ரூபாய்க்காக யார் சண்டை போடுவது என்று பெரும்பாலானோர் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பத்து ரூபாயை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஒருவரிடம் நாளுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினால், மாதம் 26 வேலை நாளுக்கு 260 ரூபாய். வருஷத்துக்கு 3,120 ரூபாய். இது ஒரு வண்டிக்கு மட்டும்.

இதை எதிர்த்துக் கேட்க முடியுமா? முடியும். அதற்கு முதல் நாளே வக்கீல் வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வழக்கு என்ற கட்டத்துக்கு முன்பே செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

80 ரூபாய் வழக்கில் என்ன நடந்தது?

சென்னை அண்ணா நகர், திருமங்கலத்தில் உள்ள வி.ஆர். மாலுக்கு 2023 ஏப்ரலில் டூவீலரில் சென்ற ஒருவரிடம், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான நேரத்துக்கு 80 ரூபாய் பார்க்கிங் கட்டணம் வாங்கப்பட்டது. அவர் ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்து, நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். வழக்கை விசாரித்தது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

வணிக வளாகம் கட்டும்போதே வருகிற வாடிக்கையாளர்களுக்கு வாகன நிறுத்துமிடம் ஒதுக்க வேண்டும் என்பது கட்டிட விதி. அந்த இடத்துக்கு தனியாகக் கட்டணம் வாங்கலாமா என்பதுதான் கேள்வி. 2025-ல் ஆணையம் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்பு சொன்னது. இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் 12,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கட்டணம் வாங்கியது 2023-ல், உத்தரவு வந்தது 2025-ல். அதாவது சுமார் இரண்டு வருஷம். இரண்டு, இது அந்த ஒரு வழக்கில் வந்த உத்தரவு. "தமிழ்நாட்டில் இனி எந்த மாலிலும் பார்க்கிங் ஃப்ரீ" என்று அர்த்தம் கிடையாது. மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய முடியும். ஆனாலும், இதே மாதிரி பிரச்சினையோடு வருபவர்கள் தங்கள் கடிதத்தில் சுட்டிக்காட்ட ஒரு உள்ளூர் உதாரணம் கிடைத்திருக்கிறது.

மற்ற மாநிலங்களில் என்ன நிலை?

தெலங்கானாவில் 2018-ல் அரசே ஆணை போட்டது. மால், மல்டிபிளெக்ஸ்களில் முதல் 30 நிமிடம் இலவசம். அதற்கு மேல் ஒரு மணி நேரம் வரை, எவ்வளவு தொகைக்கு வாங்கியிருந்தாலும் பில்லைக் காட்டினால் இலவசம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், பில் தொகை பார்க்கிங் கட்டணத்தை விட அதிகமாக இருக்க வேண்டும்.

குஜராத்தில் 2019 ஜூலையில் உயர் நீதிமன்ற அமர்வு, மால்களும் மல்டிபிளெக்ஸ்களும் பார்க்கிங் கட்டணம் வாங்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மாநிலத்துக்கு மாநிலம் கட்டிட விதிகள் வேறு வேறு என்பதால், அந்தத் தீர்ப்பை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது.

தமிழ்நாட்டில் அடிப்படை, 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். எந்த வகைக் கட்டிடத்துக்கு எத்தனை கார், எத்தனை டூவீலர் நிறுத்த இடம் விட வேண்டும் என்று அதில் இருக்கிறது. பார்க்கிங் தொடர்பான வாதம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் தெரிய வேண்டியது: வண்டி நிற்பது யாருடைய இடம்?

புகார் யாரிடம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். பலருடைய புகார் பாதியில் நின்றுபோகக் காரணமும், தவறான இடத்தில் கொடுப்பதுதான்.

மால், தனியார் மருத்துவமனை, சூப்பர் மார்க்கெட்: இடம் தனியாருடையது. வசூலிப்பது வேறு ஒரு கான்ட்ராக்ட் நிறுவனமாக இருக்கலாம். "அது எங்க சம்பந்தம் இல்ல, கான்ட்ராக்ட்காரங்ககிட்ட கேளுங்க" என்று நிர்வாகம் சொன்னாலும், புகார்க் கடிதம் இரண்டு பேருக்கும் போக வேண்டும்.

சினிமா தியேட்டர்: இதற்கு தனி வரம்பு உண்டு. 2017-ல் தமிழக அரசு தியேட்டர் பார்க்கிங்குக்கு உச்ச வரம்பு வைத்தது. மாநகராட்சிப் பகுதியில் ஒரு காட்சிக்கு காருக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 10 ரூபாய். நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் அதை விடக் குறைவு. அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. எனவே தியேட்டர் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள். கூடுதலாக வாங்கினால் தியேட்டருக்கு உரிமம் தரும் அதிகாரியிடம் புகார் தரலாம். பொதுவாக மாவட்டங்களில் கலெக்டர், சென்னை நகரில் போலீஸ் கமிஷனர்.

ரயில்வே ஸ்டேஷன்: அம்பத்தூர், ஆவடி போன்ற ஸ்டேஷன்களில் இடம் ரயில்வேக்குச் சொந்தம். நடத்துபவர் ஏலம் எடுத்த ஒப்பந்ததாரர். எவ்வளவு வாங்கலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். கூடுதலாகக் கேட்டால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் உள்ள புகார்ப் புத்தகத்தில் எழுதலாம். 139 என்ற எண்ணிலும், ரயில் மதத் ஆப்பிலும் புகார் பதியலாம்.

கோயில் வாசல்: திருவேற்காடு, மாங்காடு போன்ற கோயில்களுக்குப் போகும்போது, இடம் கோயிலுடையதா, உள்ளாட்சியுடையதா, தனியாருடையதா என்று டோக்கனைப் பாருங்கள். அறநிலையத்துறை கோயில் இடம் என்றால் புகார் செயல் அலுவலருக்கு.

பொதுச் சாலை: ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தியதற்கு யாரோ ஒருவர் வந்து டோக்கன் கிழித்துக் கொடுத்தால், முதலில் கேட்க வேண்டியது "எந்த அலுவலகம் கொடுத்த ஒப்பந்தம்?" என்பதுதான். உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் யாரும் வசூலிக்க முடியாது. சென்னை மாநகராட்சிப் பகுதி என்றால் 1913-க்கு அழைக்கலாம். மற்ற இடங்களில் அந்தந்த மாநகராட்சி, நகராட்சி அலுவலகம். எங்கும் பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100.

"ஃபைன்" போட தனியாருக்கு அதிகாரம் உண்டா?

பலரும் குழம்புகிற இடம் இது. அபராதம் என்பது சட்டம் கொடுத்த அதிகாரத்தில் போலீஸோ, அரசு அமைப்போ போடுவது. நோ பார்க்கிங்கில் நிறுத்தினால் போலீஸ் முதல் தடவை 500 ரூபாயும், மறுபடியும் செய்தால் 1,500 ரூபாயும் போடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி.

தனியார் பார்க்கிங் நடத்துபவர் கேட்பது அபராதம் அல்ல. அது ஒரு ஒப்பந்தப்படி கேட்கும் பணம். நீங்கள் உள்ளே வரும்போது போர்டில் என்ன எழுதியிருந்ததோ, டோக்கனில் என்ன அச்சாகியிருந்ததோ, அதுதான் அந்த ஒப்பந்தம். போர்டே இல்லாமல், டோக்கனிலும் இல்லாமல், வெளியே போகும்போது மட்டும் ஒரு தொகை சொன்னால், "இதற்கு நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

போர்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டன் உதாரணம் ஒன்று. இரண்டு மணி நேரம் இலவசம் என்ற கார் பார்க்கிங்கில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திய ஒருவரிடம் ஒரு தனியார் நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-ல் அந்தக் கட்டணம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அறிவிப்புப் பலகைகள் பெரிதாக, தெளிவாக, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன என்பது அதில் முக்கியமான அம்சம். அதனால் போர்டு தெளிவாக இருந்தால் உங்கள் வாதம் பலவீனம். போர்டு இல்லையென்றால், மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால், ரேட்டை பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தால், உங்கள் வாதம் பலம்.

டோக்கன் தொலைந்தால் சொன்ன தொகையைக் கட்டித்தான் ஆகணுமா?

டோக்கன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேறு யாரோ உங்கள் வண்டியை எடுத்துப் போகாமல் இருக்கத்தான் அது. ஆனால் தொலைந்த டோக்கனுக்கு 200, 500 என்று கேட்பது வேறு விஷயம்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே பெற முடியும் என்கிறது. ஒரு பிளாஸ்டிக் டோக்கன் தொலைந்ததால் உண்மையில் அவர்களுக்கு என்ன இழப்பு என்ற கேள்வியை இந்தப் பிரிவை வைத்து எழுப்பலாம்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது: ஆர்.சி., லைசென்ஸைக் காட்டுங்கள். அசல் கையில் இல்லையென்றால் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாஹன் ஆப்பில் காட்டலாம். வண்டி உங்களுடையதுதான் என்று ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உள்ளே வந்த நேரத்தை கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பணம் கேட்டால், "டோக்கன் தொலைந்ததற்காக" என்று எழுதி ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அதுவே பின்னால் உங்களுக்குச் சாட்சி.

"வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல" போர்டு செல்லுமா?

கட்டணத்தை வாங்கிக்கொண்டு, டோக்கனின் பின்பக்கம் "வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் 1998-ல் பணியாளரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனது. அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியையும் சாவியையும் பெற்றுக்கொண்ட பிறகு, அந்த வாசகத்தை மட்டும் காட்டி தங்கள் தரப்பு அலட்சியத்திலிருந்து ஹோட்டல் தப்பிக்க முடியாது என்பது அதன் சாரம்.

சாவியைக் கொடுத்த வண்டிக்கும், நீங்களே நிறுத்திப் பூட்டிவிட்டு வந்த வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகையில் பொறுப்பை நிரூபிப்பது கொஞ்சம் கடினம். ஆனாலும் கட்டணம் வாங்கி, டோக்கன் கொடுத்து, டோக்கன் இல்லாமல் வண்டியை வெளியே விடமாட்டோம் என்று சொல்கிறவர்கள், பாதுகாப்பில் தங்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்வது எளிதல்ல. ஹெல்மெட் காணோம், கண்ணாடி உடைந்தது என்றால் வெளியே போகும் முன்பே எழுதிக் கொடுங்கள்.

அந்த இடத்திலேயே செய்ய வேண்டியவை

* ரேட் போர்டை போட்டோ எடுங்கள். போர்டு இல்லையென்றால், நுழைவாயிலை போர்டு இல்லாதது தெரியும்படி எடுங்கள்.
* டோக்கனின் இரண்டு பக்கமும் எடுங்கள். உள்ளே வந்த நேரம், வண்டி எண், நடத்தும் நிறுவனத்தின் பெயர் தெரிய வேண்டும்.
* பில் கேளுங்கள். 200 ரூபாய்க்குக் கீழே என்றால் பில் தர வேண்டியதில்லை என்பார்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்தச் சலுகை, வாடிக்கையாளர் கேட்காதபோது மட்டும்தான். கேட்டும் பில் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.
* பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.
* முடிந்தவரை யு.பி.ஐ. மூலம் கட்டுங்கள். ஸ்கேன் செய்யும்போது வரும் பெயரைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரா, தனி ஆளின் பெயரா என்பது முக்கியம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
* பில் பேப்பரில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். போட்டோக்களை போனிலிருந்து அழிக்காதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பணம் கட்டாமல் கேட்டை இடித்துக்கொண்டு போவது, பணியாளரோடு கைகலப்பு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அங்கே நிற்பவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், ரேட் வைத்தவர் அவர் இல்லை. தொகை சிறியதென்றால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று பில்லிலேயே எழுதி போட்டோ எடுத்துவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள். கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது. சொல்லப்போனால் கட்டிய ரசீதுதான் உங்கள் வழக்குக்கு அடித்தளம்.

வண்டியைத் தர மறுத்து மிரட்டினால் 112 அல்லது 100-க்கு அழையுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகள் 2022 ஜனவரியில் உருவான ஆவடி போலீஸ் கமிஷனரகத்தின் கீழ் வருகின்றன. கட்டணம் சரியா தவறா என்பதை போலீஸ் தீர்மானிக்காது. ஆனால் வண்டியோடு வெளியே வர உதவி கிடைக்கும்.

ஃபாஸ்டேக்கில் தானாகப் பணம் பிடித்துவிட்டால்?

சில பார்க்கிங்குகளில் ஃபாஸ்டேக் மூலம் பணம் எடுக்கிறார்கள். இரண்டு முறை பிடித்துவிட்டார்கள், போகாத இடத்துக்குப் பிடித்துவிட்டார்கள் என்றால், முதலில் ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியிடம் புகார் பதிந்து புகார் எண் வாங்குங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தொடர்பு எண் 14448. இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

படி 1: எழுத்தில் புகார்

வாயால் போட்ட சண்டைக்கு ஆதாரம் கிடையாது. மறுநாளே நிர்வாகத்துக்கும், பார்க்கிங் நடத்தும் நிறுவனத்துக்கும் இமெயில் அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம். இந்த மாதிரி போதும்:

"ஐயா/அம்மா, ______ தேதி ______ மணிக்கு என் ______ எண் கொண்ட வாகனத்தைத் தங்கள் வளாகத்தில் நிறுத்தினேன். ______ மணிக்கு வெளியே வந்தபோது ______ ரூபாய் வசூலிக்கப்பட்டது. அறிவிப்புப் பலகையில் ______ ரூபாய் என்றுதான் உள்ளது (அல்லது: கட்டண அறிவிப்பு எதுவும் வைக்கப்படவில்லை). இந்தத் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்தினேன். ரசீது, டோக்கன், புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. எந்த விதி அல்லது அனுமதியின்படி இக்கட்டணம் வசூலிக்கப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். கூடுதலாகப் பெற்ற ______ ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

திட்டு வேண்டாம், மிரட்டல் வேண்டாம். நாளை இதே கடிதத்தை ஆணையத்தில் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுங்கள். பெரும்பாலும் இந்தக் கடிதத்திலேயே மூன்று பதிலில் ஒன்று வரும்: பணம் திரும்ப வரும், விதியைக் காட்டி விளக்கம் வரும், அல்லது பதிலே வராது. மூன்றுமே உங்களுக்கு உபயோகம்தான். விளக்கம் நியாயமாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

படி 2: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் அனுப்பலாம். இது கோர்ட் இல்லை. உங்கள் புகாரை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி, பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. கிடைக்கும் புகார் எண்ணை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். "நாங்கள் சமாதானமாகத் தீர்க்க முயன்றோம்" என்பதற்கு அது சான்று.

படி 3: ஆர்.டி.ஐ.

மால், மருத்துவமனை போன்ற பெரிய கட்டிடங்களின் விஷயத்தில் இது உதவும். கட்டிடத்துக்கு அனுமதி கொடுத்தது சி.எம்.டி.ஏ.வா, உள்ளாட்சியா என்று பார்த்து, அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் எத்தனை கார், டூவீலருக்கு இடம் காட்டப்பட்டுள்ளது, பார்க்கிங் கட்டணம் வசூலிக்க ஏதாவது அனுமதி கொடுக்கப்பட்டுள்ளதா என்று மட்டும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

ரயில்வே ஸ்டாண்ட் என்றால் இதே மாதிரி ஒப்பந்த நகல், அனுமதிக்கப்பட்ட கட்டண விவரம் கேட்டு ரயில்வேக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் ஒரு ரேட்டும் உங்கள் ரசீதில் ஒரு ரேட்டும் இருந்தால், அதற்கு மேல் பெரிய வாதமே தேவையில்லை.

படி 4: நோட்டீஸ்

15 நாள் முடிந்தும் பதில் இல்லையா? கடைசி அறிவிப்பாக ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். எவ்வளவு பணம் திரும்ப வேண்டும், இழப்பீடாக எவ்வளவு கேட்கப் போகிறீர்கள், எத்தனை நாள் அவகாசம் என்பது தெளிவாக இருக்கட்டும். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்தில்தான் பேச வருகின்றன.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி எண் 15100. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் வருமான வரம்பு இல்லாமல் இந்த உதவியைப் பெறலாம்.

இதற்கும் மசியவில்லையென்றால்?

அதன் பிறகுதான் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் சாதாரண மக்களுக்குச் சாதகமான சில விஷயங்கள்:

* நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம்.
* கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பார்க்கிங் புகார் எல்லாமே இதற்குள்தான் வரும்.
* வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.
* பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 1915-ல் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று இந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.
* 2025 ஜனவரி முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

ஆவடி, பூந்தமல்லி தாலுகாக்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அம்பத்தூர் தாலுகா 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. எனவே அம்பத்தூரில் இருப்பவர்கள், மனு எந்த ஆணையத்துக்குப் போக வேண்டும் என்று தாக்கல் செய்யும் முன்பே ஆணைய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. தவறான இடத்தில் போட்டால் எல்லை சரியில்லை என்று மனு திரும்பி வரும், மாதங்கள் வீணாகும்.

வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதை விட நாள் பிடிக்கலாம். உத்தரவு வந்த பிறகும் நிறுவனம் பணம் தராவிட்டால், சிறைத் தண்டனை அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் வரை சட்டத்தில் இடம் இருக்கிறது.

எந்தப் புகார் நிற்கும், எது நிற்காது?

போர்டில் இருப்பதை விடக் கூடுதலாக வாங்கியது, கேட்டும் பில் தராதது, அரசு வைத்த வரம்பைத் தாண்டியது, அனுமதியே இல்லாமல் பொது இடத்தில் வசூலித்தது, இவையெல்லாம் வலுவான புகார்கள். மாலில் கட்டணமே வாங்கக் கூடாது என்ற வாதத்துக்கு திருவள்ளூர் உத்தரவு துணை நிற்கும். ஆனால் எதிர்த்தரப்பும் "கட்டணம் வாங்கக் கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது?" என்று கேட்கும். அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

ரேட் பெரிதாக எழுதியிருந்தது, அதைப் பார்த்துத்தான் நிறுத்தினோம், வாங்கியதும் அதே தொகை, பில்லும் கொடுத்தார்கள், ஆனால் ரேட் அதிகமாகத் தோன்றுகிறது என்றால், அந்தப் புகார் நிற்பது கஷ்டம். எந்த வாடிக்கையாளரும் இல்லாத நேரத்தில் மாலில் வண்டியை விட்டுவிட்டு, பக்கத்தில் ஆபீஸுக்குப் போய்விட்டு சாயங்காலம் வருகிறவருக்கும் இதே நிலைதான். வாடிக்கையாளர் என்று காட்ட ஒரு பில்லாவது கையில் இருக்க வேண்டும்.

வி.ஆர். மால் வழக்கில் ஆணையத்தின் முன் வந்தது வெறும் 80 ரூபாய் ரசீதுதான். அடுத்த முறை பார்க்கிங்கில் பில் கொடுத்தால் கசக்கிப் போடாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தேவைப்பட்டால் இரண்டு வருஷம் வரை அது பேசும்.